கழுத்துக்கு மேலே

ஜூலை 19, சனி

ஜனவரியில் கடையில் கொடுத்த டைரி இது. கேஸ் புக் செய்த தேதிகளும் கரண்ட் பில் நம்பரும் தவிர இதுவரை இதில் ஒன்றும் இல்லை. இன்றிலிருந்து எழுதப் போகிறேன். யாராவது எடுத்துப் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் இசக்கிராஜன். வயது நாற்பத்து நான்கு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டு செக்‌ஷன் சேல்ஸ்மேன். இருபத்தைந்து வருடம். பட்டுச் சேலையை மேசையில் விரித்தால் பாதிதான் தெரியும். உடுத்தினால் எப்படி விழும் என்று காட்ட எங்கள் தோளிலேயே போட்டுக் காட்டுவோம். மீசை வைத்தவன் முந்தியைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். என் தோளில் பார்த்த சேலையை வேண்டாம் என்று வைத்தவர்கள் குறைவு. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

காலைப் பிரார்த்தனை முடிந்ததும் சின்ன முதலாளி பேசினார். பெரியவரின் மகன், இருபத்தேழு வயது, வெளியே படித்துவிட்டு வந்திருக்கிறார். ஆவணி ஒன்று முதல் பட்டு வியாபாரத்தில் பாதி செல்போன் நேரலையில் நடக்குமாம். அதற்கு ஐந்து பேர். மிச்சப் பேர் கீழ்த்தளத்தில் பார்சல் செக்‌ஷன். ஆகஸ்ட் 14 அன்று ஆளுக்கொரு தடவை கேமரா முன்னால் நிற்க வைத்துப் பார்ப்பாராம்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க கை சூப்பர். பேச்சு சூப்பர். முகந்தான் கொஞ்சம் டயர்டா இருக்கு. ஒரு மாசம் இருக்குல்ல, கேர் எடுத்துக்கோங்க."

சரி மொதலாளி என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூலை 20, ஞாயிறு

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பன்னிரண்டு மணி நேரம் நின்றேன். கடை ஆட்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் மாடிக்கு ஆறு ஸ்டூல் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதன் மேல் சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேலே ஃபோகஸ் லைட், முகத்துக்கு நேரே ஏசி. நிற்க வைத்து, காய வைத்து, கடைசியில் முகம் ஏன் டயர்டா இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

ட்ரையல் ரூம் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் மூன்று கோடு. கண்ணுக்குக் கீழே பை. மூக்கிலிருந்து வாய் வரை இரண்டு பக்கமும் வாய்க்கால். நான் அப்படி ஒன்றும் கவலைப்படவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெடிக்கலில் வாங்கிவிட்டேன். ஆண்களுக்கான ஆன்டி ஏஜிங் மாய்ஸ்சரைசர். கறுப்பு டப்பா. இருபத்தெட்டு நாளில் வித்தியாசம் தெரியும் என்று போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஆகஸ்ட் 19 வருகிறது. என் முகம் ஐந்து நாள் முந்திக்கொள்ள வேண்டும்.

தங்கபுஷ்பத்திடம் சொல்லவில்லை. பார்சல் செக்‌ஷன் விஷயமும் சொல்லவில்லை. அவள் தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள், அவளுக்கு ஏற்கனவே ஆயிரம் தொல்லை. அவளுக்காகத்தான் சொல்லவில்லை. டப்பாவை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மத்தியானம் கடைக்குப் பின்னால் தடவிக்கொண்டிருந்தபோது வேட்டி செக்‌ஷன் கோமதிநாயகம் பார்த்துவிட்டார். ஐம்பது வயது. மீசைக்கு வாரம் தவறாமல் மை போடுகிறவர்.

"என்னவே, மூஞ்சிக்கு வெண்ணெய் தடவுதீரு? கிருஷ்ண ஜெயந்திக்கு இன்னும் நாள் கெடக்கே."

"வறட்சிக்குத் தடவுதேன்."

"வறட்சியா? ஓய், நீரு பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரிலா தடவுதீரு."

"ஒம்ம மீசை எந்த வறட்சிக்குக் கறுத்துச்சு?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். போகும்போது, "எனக்கும் ஒரு சொட்டு தாரும்" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு பெரிய குடும்பம் வந்தது. பதினாறு பேர். மணப்பெண்ணுக்கு மாம்பழ மஞ்சளில் அகல ஜரிகை. தோளில் போட்டு, பார்டர் முகத்துக்கு எப்படி எடுக்கும் என்று காட்ட முந்தியைத் தாடை வரை தூக்கிப் பிடித்தேன். எப்போதும் செய்வதுதான். இறக்கி மேசையில் வைத்தபோது முந்தியில் எட்டணா அகலத்துக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு.

அவர்கள் பார்க்கவில்லை. "இது வேண்டாம்மா, இதைவிட நல்லது இருக்கு" என்று வேறொன்றை விரித்தேன். அதை எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பொட்டின் மேல் டால்கம் பவுடர் போட்டு, தாள் வைத்து, மேலே கனம் ஏற்றினேன். சாயங்காலம் போய்விட்டது. அநேகமாகப் போய்விட்டது. கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஏசி குழாயிலிருந்து சில சமயம் எண்ணெய் சொட்டும். சொல்ல வேண்டும்.

ஜூலை 26, சனி

ஏசி மெக்கானிக்கிடம் சொன்னேன். ஏறிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறான். இந்தக் காலத்து மெக்கானிக்குகள்.

ஜூலை 28, திங்கள்

மத்தியானம் வரை லீவு சொல்லிவிட்டு, திருவனந்தபுரம் ரோட்டில் இருக்கும் அழகுசாதனக் கடைக்குப் போனேன். கையில் யானைத்தந்த நிறப் பட்டுத் துண்டு நான்கு. ப்ளவுஸ் பிட் ஓரத்தில் வெட்டி எறிவது. பட்டு கறையையும் காட்டும், வாசனையையும் பிடித்துக்கொள்ளும். முகத்துக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாது. பட்டுக்கு எது ஆகாது என்று தெரியும்.

கவுண்டரில் நின்ற பெண்ணின் சட்டையில் ஜெபசெல்வி என்று பெயர் குத்தியிருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஜாதி. நிற்கிற ஜாதி.

"ஆம்பளைக்கு, வயசு தெரியாம இருக்க, எண்ணெய் விடாத க்ரீம் வேணும்மா."

அவள் சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாள். "சார், உண்மையச் சொல்லவா? விக்கச் சொன்னதச் சொல்லவா?"

"விக்கச் சொன்னது எனக்கே தெரியும். நானும் சேல்ஸ்மேன்தான்."

"அப்ப கேளுங்க. சுருக்கம் போகாது. உங்க தோல் காஞ்சு கெடக்கு. காஞ்சா கோடு ஆழமாத் தெரியும், ஈரம் இருந்தா கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான் இதோட வேலை. வெளிய போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்க, இருக்கிற தோலையாவது காப்பாத்தும்."

நான்கு க்ரீமை நான்கு இடத்தில் தடவச் சொன்னேன். நெற்றி, இரண்டு கன்னம், தாடை. பத்து நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துக் கவுண்டரில் வரிசையாக வைத்தேன். பக்கத்துக் கவுண்டர் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். நெற்றித் துண்டில் நெய் சொட்டின மாதிரி பொட்டு. வலது கன்னத்தில் பொட்டு இல்லை, ஆனால் துண்டு வாசனையில் ரோஜாப்பூ விற்கிறது. இடது கன்னத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. தாடைத் துண்டு சுத்தம். முகர்ந்து பார்த்தேன். பட்டு வாசனை மட்டும் இருந்தது.

"ஆறு வருசமா நிக்கேன் சார், இப்படி யாரும் வாங்குனதில்ல" என்றாள் ஜெபசெல்வி.

தாடையில் தடவியது ஜெல் மாதிரி, தண்ணீராக இருந்தது. அதிலேயே இரண்டு டப்பா வைத்தாள். ஒன்று கறுப்பு, ஆண்களுக்கு என்று எழுதியது. ஒன்று வெள்ளை, பெரியது, விலையும் கம்மி.

"ரெண்டையும் பின்னாடி படிச்சுப் பாருங்க, ஒரே சரக்குதான். ஆம்பளைக்குன்னா டப்பா கறுப்பு, அவ்வளவுதான்."

படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கறுப்பு டப்பாவையே வாங்கினேன். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெள்ளை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. மேலப்பாளையத்திலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மா, "என்ன அண்ணாச்சி, முகம் தெளிவா இருக்கு, லீவு கீவு எடுத்தீங்களா?" என்று கேட்டார். ஆறு நாளில் தெரிகிறது! ஒன்பது சேலை விற்றேன். அந்த அம்மாவுக்கு மட்டும் மூன்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

க்ரீம் வேகமாகக் குறைகிறது. நான் தினமும் எடுப்பது பட்டாணி அளவு. டப்பாவை வீட்டுக்குள், ஷேவிங் சாமானுக்குப் பின்னால் மாற்றி வைத்ததிலிருந்துதான் இப்படி. பேனாவால் வெளியே கோடு போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் பிடித்துவிட்டேன். தங்கபுஷ்பம் டியூட்டிக்குக் கிளம்புமுன் அடுக்களையில் நின்று இரண்டு கையிலும் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கீங்க? ஒங்களுக்கு மட்டுந்தான் வயசாகுதா?"

"அது ஆம்பளைங்க க்ரீம்லா."

"என் கைக்கு அது தெரியல."

கையை நீட்டிக் காட்டினாள். ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் பட்டு விரல் கணுவெல்லாம் வெடித்திருந்தது. ஒன்றில் ரத்தம் காய்ந்திருந்தது. கையுறை கொடுப்பதில்லையா என்று கேட்டேன். வாரத்துக்கு ஒரு ஜோடி, இரண்டாம் நாளே கிழிந்துவிடும் என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே ஓர் இழை அறுந்திருப்பதைச் சொல்கிற கண் என்னுடையது. கடையில் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கையைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போய் வெள்ளை டப்பா வாங்கினேன். ஜெபசெல்வி டப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வெளிப்படையாக அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டேன்.  

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏசியிலிருந்து எண்ணெய் சொட்டாது. அந்த மாம்பழ மஞ்சளைக் கட்டிலிருந்து எடுத்து, சாய்த்துப் பார்த்தேன். பொட்டு இன்னும் நிழல் மாதிரி இருக்கிறது. மேனேஜரிடம் கொண்டுபோய் என் முகத்து க்ரீம் பட்டது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், டிரைவாஷுக்கு எழுதிக்கொண்டார். இருபத்தைந்து வருடத்தில் என்னால் ஒரு சேலை கெட்டது இதுதான் முதல் தடவை. யாரும் பார்க்காத தப்பைச் சொல்லிவிட்டு வந்தவன் நான். இதையும் பெருமையில்தான் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முழுதாக எழுத வேண்டும்.

முதல் மாடியில் வட்ட விளக்கு, நடுவில் ஸ்டாண்டில் செல்போன். வெறும் ஒத்திகை என்றார்கள், ஆனால் நிஜமான வாடிக்கையாளர்களையே கூப்பிட்டிருந்தார்கள். முதலில் எங்கள் செக்‌ஷன் டெனிசன். இருபத்து நான்கு வயது, கன்னத்தில் குழி விழும். நன்றாகத்தான் பேசினான். அடுத்தது நான். காலையில் ஷேவ் செய்து, பட்டாணி அளவு தடவி, துண்டில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

செல்போன் திரையில் என்னைப் பார்த்தேன். அங்கே நின்றது என் தம்பி. எனக்குத் தம்பி கிடையாது. கோடு இல்லை, பை இல்லை, வாய்க்கால் இல்லை.

கோமதிநாயகம் பின்னாலிருந்து, "ஓய், இருபத்து நாலு நாளா தடவுனது தண்டம்வே. போன்லயே தடவி வச்சிருக்கான்" என்றார்.

முகத்தை அழகாக்கும் ஃபில்டராம். டெனிசனுக்கும் அதுதான் போட்டிருந்தார்கள். பின்னே என் முகம் டயர்ட் என்று எதற்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு நிமிடம் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க நன்றாக இருந்தான்.

குவைத்திலிருந்து ஒரு அம்மா லைனில் வந்தார். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், குவைத்தில் நர்ஸாக இருக்கிறாராம். மகளுக்கு முகூர்த்தச் சேலை. அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்துத் தோளில் போட்டேன்.

"ஐயோ, அந்த ரோஸ் ரொம்ப நல்லாருக்கே! எம் பொண்ணு ரோஸ்தான் கேட்டா. அதையே போட்டுருங்க அண்ணாச்சி."

திரையைப் பார்த்தேன். என் சுருக்கத்தை வழித்த ஃபில்டர் சேலையையும் வழித்திருந்தது. ஜரிகையில் மயில் இல்லை, வெறும் மஞ்சள் பட்டை. அரக்கு, ரோஸாகத் தெரிந்தது. "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து பேரில் நான் ஒருவன்.

"அம்மா, இது ரோஸ் இல்ல. அரக்கு" என்றேன்.

சின்ன முதலாளி செல்போனில் சத்தத்தை நிறுத்தினார். "அண்ணே, அவங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல? விடுங்களேன்."

"குவைத்துல பார்சலப் பிரிச்சா அரக்குதான மொதலாளி இருக்கும்?"

"நிறம் கொஞ்சம் மாறலாம்னு ஸ்க்ரீன்ல கீழ எழுதிப் போட்டிருக்கோம்ல."

"கல்யாணப் பொண்ணு கீழ போட்டதப் படிப்பாளா? இந்த ஃபில்டர எடுங்க."

"எடுத்தா உங்க முகம் அப்படியே வரும், பாத்துக்கோங்க."

"என் முகத்தையா விக்கோம்?"

இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஸ்டாண்டோடு செல்போனைத் தூக்கிக்கொண்டேன். நிறத்தில் சந்தேகம் வந்தால் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டுவது எங்கள் வழக்கம். படி இறங்கி வாசலுக்குப் போனேன். சின்ன முதலாளி பின்னாலேயே வந்து, வேறு வழியில்லாமல் ஃபில்டரை எடுத்தார். பதினொரு மணி வெயில். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நின்றேன். ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். திரையில் அரக்கு அரக்காக இருந்தது, மயிலுக்குக் கண் தெரிந்தது. மூன்று கோடும், பையும், வாய்க்காலும் தெரிந்தன.

அந்த அம்மா முந்தியைக் கிட்டக் காட்டச் சொன்னார். பிறகு, "நல்லவேளை சொன்னீங்க. நெஜ ரோஸ் இருந்தா அதே வெயில்ல காட்டுங்க" என்றார். மேலே ஓடி எடுத்து வந்து காட்டினேன். எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு சின்ன முதலாளி கூப்பிட்டார். முகம் சிரித்துத்தான் இருந்தது.

"நேத்து பேசினது சூப்பர்ணே. உங்கள எடுத்துக்கிடுதோம். ஒரு ஐடியா. ஃப்ரேமக் கழுத்துக்குக் கீழ வச்சிருவோம். கை உங்களுது, குரல் உங்களுது, பக்கத்துல டெனிசன் முகம். எப்படி?"



"தலையில்லாம நிக்கதுக்குக் கீழ ஷோகேஸ்ல ஆறு பொம்மை இருக்கு மொதலாளி. அதுக சம்பளமும் கேக்காது."

"அண்ணே, யோசிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா பார்சல்தான்."

"வந்தா முழுசா வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பார்சல் செக்‌ஷன் என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

தங்கபுஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் க்ரீம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "ஜூலை மாசமே தெரியும்" என்றாள். கோமதிநாயகத்தின் மனைவி ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சொல்லிவிட்டாளாம்.

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். எவ்வளவு நாள் பொத்தி வைக்கீங்கன்னும் பாத்தேன்."

"பார்சலுக்குப் போறதுல ஒனக்கு வருத்தம் இல்லையா?"

"வருத்தந்தான். கழுத்து வரைக்கும் இருக்கிற மனுசன வீட்ல வச்சு நான் என்ன செய்ய?"

சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். விரல் கணுவெல்லாம் ஆறி வருகிறது. கையுறை கேட்டு நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். முதல் கையெழுத்து இவளுடையது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லை. நாற்பத்து மூன்று கட்டு பிரித்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதினொன்றரைக்கு டெனிசன் கீழே ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"அண்ணே, குவைத் அம்மா லைன்ல இருக்காங்க. சம்பந்தி வீட்டுக்கு எட்டுச் சேலை. வெயில்ல நின்னவரக் கூப்பிடு, அவர் சொன்னாத்தான் எடுப்பேங்காங்க. நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன். மொதலாளி ஒங்களக் கூப்பிடுதாரு."

"கழுத்து வரையா, முழுசாவா? கேட்டுட்டு வா."

போனான். நான் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி வரவில்லை, சின்ன முதலாளியே வந்தார். படியிலேயே நின்றுகொண்டு, "வாங்கண்ணே. இன்னைக்கு மட்டும்" என்றார்.

"முழுசாவா மொதலாளி?"

"முழுசாத்தான்."

இன்றைக்கு மட்டும் என்றால் நாளைக்கு மறுபடியும் இந்தக் கீழ்த்தளம்தான். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஏறும்போது டெனிசன் கர்ச்சீப்பை நீட்டினான். முகமெல்லாம் சணல் தூசியும் வேர்வையும். வேண்டாம் என்றேன். கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டேன், பட்டைத் தொட வேண்டுமே.

வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் சேலை மயில்கழுத்து நிறம். தோளில் போட்டு முந்தியை இறக்கிவிட்டேன். செல்போனுக்குள்ளிருந்து அந்த அம்மா, "அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றார்.

அவர் கேட்டது சேலையை. நான் முகத்தோடு திரும்பினேன்.